ஏரிக்கரை வீட்டின் அடுப்பங்கரை

வீடு கட்ட முனைவோர் முதலில் பேசுவது முகப்பைப் பற்றி. இறுதியில், வேறு பேச ஒன்றுமில்லாதபோது பேசுவது அடுப்பங்கரையைப் பற்றி. ஊருக்குள் கட்டும் வீட்டுக்கே இவ்வழக்கம் உண்டென்றால், ஓய்வுக்கென்று மலைமேல் எழுப்பும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஏரி தெரியும் கூடம், மலர்த்தொட்டிகள் வைக்கத் திண்ணை, குளிருக்குக் கணப்பு என்று ஒவ்வொன்றாகக் கற்பனை விரியும். ஆனால் ஓய்வு என்ற சொல்லுக்குள் உலை வைப்பவரின் உருவம் எளிதில் வந்து அமர்வதில்லை. மனிதர் எங்கே சென்றாலும் பசியும் உடன் செல்கிறது. குளிர்ந்த மலைக்கோ அது இரட்டிப்பாய்ச் செல்கிறது. காலை ஏழு மணிக்கு ஏரியைச் சுற்றி நடந்து திரும்பிய பிள்ளைகள் எத்தனை இட்டிலி உண்பார்கள் என்பதை அவித்துக் கொட்டியவர்களே அறிவர்.

கொடைக்கானல் ஏரிக்குத் தென்கிழக்கே, சரிவான ஓரிடத்தில் எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற 12 சென்டு நிலம் இருக்கிறது. உடன்பிறந்தோர் நாங்கள் நால்வர். அவர்களுள் ஒருத்தி துறவறம் பூண்டவள். தலைசாய்க்க இடமின்றி நடந்த ஒருவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பத்துக்கு இரண்டாவது வீடு எதற்கு என்ற கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவள்தான் எழுப்பினாள். அதற்கு நிறைவான விடை எங்களிடம் இன்றும் இல்லை. ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடாக அது இராது, பங்கில் உழைத்துக் களைத்த உபதேசியார் குடும்பங்களும் வந்து தங்கும் வீடாக இருக்கும் என்ற உடன்பாட்டின் பேரில்தான் அவள் கையொப்பமிட்டாள். இந்த உடன்பாடே பின்னர் அடுப்பங்கரையின் அளவை மாற்றியது என்பதைப் போகப்போகச் சொல்வோம்.

கொடைக்கானலே ஓர் ஓய்வு வீடாகத் தோன்றிய ஊர்தான். 1845-ஆம் ஆண்டு மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார், சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி மலையேறி, ‘சன்னிசைடு’, ‘ஷெல்ட்டன்’ என்னும் இரு வீடுகளை எழுப்பினர். இன்று நாம் இயற்கையின் கொடை என்று வியக்கும் ஏரி, மதுரை ஆட்சியராய் இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் கரை கட்டித் தேக்கியது. 1866-இல் சலேத் மாதா ஆலயம் எழுந்தது. 1895-இல் செண்பகனூரில் சேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. அக்காலத்து வெள்ளையர் பங்களாக்களில் சமையலறை வீட்டோடு சேர்ந்திராது. பின்புறம் தனிக் கட்டடமாய் நிற்கும்; கூரை வேய்ந்த நடைபாதை ஒன்று இரண்டையும் இணைக்கும். புகை வரக் கூடாது, தீப்பற்றினால் வீடு தப்ப வேண்டும் என்பவை வெளியே சொல்லப்பட்ட காரணங்கள். சமைப்போரும் உண்போரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பது சொல்லப்படாத காரணம். குளிரும் பனிமூட்டமும் நிறைந்த மலையில், அந்த நடைபாதையைக் கடந்து மேசைக்கு வரும் குழம்பு என்ன சூட்டில் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வெள்ளையரைக் குறைகூற நமக்கும் பெரிய உரிமை இல்லை. நம் பழைய வீடுகளிலும் சமையற்கட்டு கடைசிக் கட்டுத்தானே!

பொறியாளர் முதலில் வரைந்து தந்த படத்தில் அந்தப் பழைய பங்களா மறுபடி பிறந்திருந்தது. வடமேற்கே, ஏரியைப் பார்த்தபடி கூடமும் திண்ணையும், நடுவில் படுக்கையறைகள், தென்கிழக்கு மூலையில், மண்சரிவைத் தடுக்கும் கற்சுவரை ஒட்டி எட்டடிக்கு ஏழடியில் ஒரு சமையலறை. சன்னலைத் திறந்தால் மூன்றடி தூரத்தில் ஈரம் கசியும் கருங்கல். மேட்டின் நிழலால் காலை வெயில் பத்து மணிக்கு முன் எட்டிப் பாராது. மேஸ்திரிக்கோ அதில் அளவிலா மகிழ்ச்சி. தென்கிழக்கு அக்கினி மூலையாயிற்றே. ஞாயிறுதோறும் தவறாமல் திருப்பலிக்குச் செல்லும் எங்கள் அண்ணனும் அதைக் கேட்டுத் தலையசைத்தார். வாஸ்துவை நம்மவர் நம்புவதில்லை, ஆனால் மீறுவதுமில்லை.

படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, “இந்த வீட்டில் யாருக்கு ஓய்வு என்று எழுதியிருக்கிறது?” என்று கேட்டார்.

அண்ணன் அவரை வியப்போடு பார்த்தார்.

“வாடகை வீடு எடுத்துக் கொடைக்கானலுக்கு வந்த கோடைகளை நினைத்துப் பாருங்கள். அரிசி மூட்டை, அஞ்சறைப் பெட்டி, திரி ஸ்டவ் எல்லாம் பேருந்துக் கூரையில் ஏறும். இங்கே வந்து இறங்கியதும் நீங்கள் படகுக்குப் போவீர்கள்; அத்தை அடுப்பைப் பற்றவைப்பார்கள். நான் மருமகளாய் வந்த பிறகு அந்த அடுப்புக்கு இருவரானோம். ஏரியை ஒருமுறை முழுதாய்ச் சுற்றி வந்திருக்கிறீர்களா என்று அத்தையைக் கேளுங்கள்.”

அம்மாவைக் கேட்டோம். அவருக்கு வயது 81. “சுற்றியிருக்கிறேனே, சலேத் மாதா கோவிலுக்குப் போகும்போது பார்த்தேன்” என்றார். பார்த்ததும் சுற்றியதும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

அன்றிரவு குடும்பச் செபம் முடிந்த பின்னும் பேச்சு நிற்கவில்லை. நற்செய்தியில் ஏரியும் சமையலும் சேர்ந்து வரும் இடங்களைத் தங்கை நினைவூட்டினாள். ஆண்டவர் வாழ்ந்த ஊராகிய கப்பர்நாகும் கலிலேய ஏரியின் கரையில் அமைந்தது. அங்கே சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தார். அவர் கையைப் பிடித்துத் தூக்கியதும் காய்ச்சல் நீங்கிற்று, அவர் எழுந்து பணிவிடை புரிந்தார் என்கிறது மாற்கு முதல் அதிகாரம். “காய்ச்சல் விட்ட மறுநிமிடமே அடுப்படியா?” என்று அண்ணி கேட்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். தங்கை சிரித்துக்கொண்டே, அந்தப் பணிவிடைக்குக் கிரேக்க மூலம் ஆளும் வினைச்சொல்லைத்தான் பாலைநிலத்தில் வானதூதர் ஆண்டவருக்குச் செய்த பணிக்கும் அதே அதிகாரம் ஆளுகிறது என்றாள். பணிவிடை ஏற்க அன்று, பணிவிடை புரியவே மானிடமகன் வந்தார் என்று பின்னர் பத்தாம் அதிகாரத்தில் வருவதும் அதே சொல்தானாம். அப்படியாயின் அது மாமியாருக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட வேலையன்று.

1968 முதல் பிரான்சிஸ்கன் துறவியரான விர்ஜிலியோ கோர்போவும் ஸ்தனிஸ்லாவோ லொஃப்ரேதாவும் கப்பர்நாகுமை அகழ்ந்து ஆய்ந்தனர். கறுத்த எரிமலைக் கல்லால் கட்டிய சிறுசிறு அறைகள், பொது முற்றம் ஒன்றைச் சுற்றி அமைந்திருந்ததை அவர்கள் வெளிக்கொணர்ந்தனர். அடுப்புகள் அம்முற்றங்களில்தாம் இருந்தன. பேதுருவின் வீடு என்று தொன்றுதொட்டு வணங்கப்பட்ட அறையின்மீது ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோண வடிவில் ஆலயம் எழுந்தது. 1990-இல் அர்ச்சிக்கப்பட்ட புதிய ஆலயமோ அவ்விடத்தின்மேல் தூண்களில் நிற்கிறது. அதன் நடுத்தளம் கண்ணாடியாகையால் குனிந்து நோக்குவோர்க்குப் பழைய அறை தெரியும். பெரும் ஆலயத்துக்கு அடியில் ஒரு மீனவக் குடும்பத்தின் வீடு!

ஆனால் எங்கள் உள்ளத்தை அதிகம் தொட்டது யோவான் 21. இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடர் கரையேறுகையில், உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீனும் அருகே அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். சாவை வென்றவர் செய்த வேலைகளுள் ஒன்று ஏரிக்கரையில் காலை உணவு சமைத்தது என்பதை எத்தனை முறை வாசித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. அவருடைய மீன் ஏற்கெனவே நெருப்பின்மேல் இருந்தது; ஆயினும் அவர்கள் பிடித்தவற்றிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். சமைப்பவர் தாமே எல்லாவற்றையும் செய்து முடித்துப் பெருமை கொள்வதில்லை. வந்தவர் கையிலிருப்பதும் அதில் சேர வேண்டுமென விரும்புகிறார். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இது, மற்றொன்று, தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்தபடி ஆண்டவரை மறுதலித்த இடம். ஒரு நெருப்பருகே உடைந்த உறவை இன்னொரு நெருப்பருகே, வயிற்றுக்குச் சோறிட்ட பிறகே ஆண்டவர் சரிசெய்கிறார்.

இவ்வளவு பேசிய பிறகு முடிவு எளிதென்றே எண்ணினோம். சமையலறையை ஏரிப் பக்கம் கொண்டுவர வேண்டும், கூடத்தோடு ஒன்றாய்த் திறந்துவிட வேண்டும், சமைப்பவரும் பேச்சில் கலந்திருக்க வேண்டும். தம்பி உடனே தாளில் கோடு கிழித்துச் சுவரை நீக்கினான். அப்போதுதான் அதுவரை பேசாதிருந்த அம்மா, “கதவு எங்கே?” என்றார்.

கதவு இல்லை, திறந்த சமையலறை என்று விளக்கினோம்.

“எனக்குக் கதவு வேண்டும். ஐம்பது வருடம் உங்கள் அப்பா வீட்டில் யாரும் கூப்பிடாத இடம் அதுதான். உலை கொதிக்கும் நேரத்தில் செபமாலை சொல்லி முடிப்பேன். என்ன புகை இருந்தாலும் அது என் இடம். அதையும் கூடமாக்கிவிட்டால் நான் எங்கே போவேன்?”

அண்ணியின் முகம் மாறியது. தமக்காகவும் மாமியாருக்காகவும் அவர் எழுப்பிய குரல் அது. மாமியாரோ வேறொன்றைக் கேட்டார். இருவரும் சொன்னது உண்மையே. பெத்தானியாவில் மார்த்தா அடுப்படியிலும் மரியா ஆண்டவர் காலடியிலுமாக இருந்தனர் என்று படம் வரைந்து பழகிவிட்டோம். அடுப்படியிலேயே ஆண்டவர் காலடியைக் கண்டுகொண்டவர்களை அந்தப் படத்தில் எங்கே அமர்த்துவது? அவிலா நகர்த் தெரேசம்மாள் தம் கன்னியருக்கு எழுதுகையில், சமையற்கட்டில் பானை சட்டிகளுக்கு நடுவேயும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தேற்றினார். 17-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரக் கார்மேல் மடத்தில் சமையல் பார்த்த லாரன்ஸ் என்னும் சகோதரரைப் பற்றியும் தங்கை சொன்னாள். அவர்கள் பெரியவர்கள்; ஏட்டில் இடம் பெற்றார்கள். எங்கள் அம்மா உலை கொதிக்கும் அளவில் ஐம்பத்து மூன்று மணிகளை எண்ணியவர். எனினும், தனிமை வேண்டுமென்றால் சமையற்கட்டைத் தவிர வேறு இடமே அவருக்கு வாய்க்கவில்லை என்பதையும் மறைக்க இயலாது. இதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. ‘கதவு’ என்று தாளில் எழுதிக்கொண்டோம்.

இறுதியில் சமையலறை வடகிழக்கு மூலைக்கு வந்தது. பன்னிரண்டடிக்குப் பதினான்கடி. கிழக்கே மேடைக்கு மேல் அகன்ற சன்னல். காலை ஏழு மணிக்கே வெயில் மாவுப் பாத்திரத்தின்மேல் விழும். மேற்கே கூடத்தை நோக்கிய சுவரில் மடிப்புக் கதவு. விரும்பினால் முழுதும் திறக்கலாம், அம்மா விரும்பினால் சாத்தித் தாழிடலாம். வடக்கே உணவருந்தும் திண்ணை. அங்கிருந்து மரங்களூடே ஏரியின் ஒரு கை தெரியும். (ஏரி நட்சத்திர வடிவினது, எங்கள் பக்கம் நீள்வது அதன் ஒரு முனை.) மேஸ்திரி திடுக்கிட்டு, “ஈசானிய மூலையில் நெருப்பா?” என்றார். அங்கே சகாய மாதா படம் வைப்போம் என்று தங்கை சொல்ல, அவர் சிறிது யோசித்து, அடுப்பு கிழக்குப் பார்த்தால் சரி என்று இறங்கிவந்தார். எந்த நூலில் அப்படி இருக்கிறதென்று நாங்கள் கேட்கவில்லை.

அளவு பெருகியதற்கு உபதேசியார் குடும்பங்களே காரணம். நவீனச் சமையலறைக்குத் தாய் எனப்படும் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926-இல் வடிவமைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண்மணி. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நின்ற இடத்திலிருந்தே எல்லாம் கைக்கெட்ட வேண்டும், நடை மிச்சமாக வேண்டும் என்பது அதன் நோக்கம். தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணின் நேரத்தையும் உடலையும் மதித்த அருமையான எண்ணம் அது. ஆயினும் அதில் ஒருவர்தாம் நிற்க முடியும். அந்த ஒருவர் யார் என்பதும் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. இருவர் சேர்ந்து வேலை செய்ய மேடைகளுக்கிடையே நான்கடி இடைவெளி வேண்டும். அறுபது விடுதிப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் மடத்து அடுப்படியில் தேர்ந்த தங்கை கேட்டது இன்னொன்று: நடுவில் ஒரு மேசை. “காய் நறுக்குகிறவர் உட்கார்ந்து நறுக்கட்டும். உட்கார இடமிருந்தால் ஆண்களும் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்த கை சும்மா இராது.” மனித இயல்பை மடம் நன்றாகவே கற்பிக்கிறது.

மலைக்குரிய சில கணக்குகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கீழே உள்ள வீட்டின் படத்தை அப்படியே மேலே கொண்டுசென்று கட்டுவோர் இடர்ப்படுவர். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பு தெரியும், பருப்பு வேகாது. குக்கர் இருந்தால் குறை பெரிதும் நீங்கும். ஆனால் சமவெளியில் 121 பாகை எட்டும் குக்கர் இங்கே 116-ஐ ஒட்டியே நிற்குமாதலால் ஓரிரு விசில் கூடுதலாகப் பொறுத்திருக்க வேண்டும். இட்டிலி மாவு இரவோடிரவாகப் புளிக்காது. குளிர் மாதங்களில் ஒரு முழுநாள் எடுத்துக்கொள்ளும். அதற்கென ஒரு சிறு மாடம் அமைக்கிறோம். வெந்நீர் அடுப்பு வெளித் தாழ்வாரத்தில் இருக்கும். அதன் புகைபோக்கி ஏறும் செங்கற்சுவரின் உட்புறம், கதவிட்ட மாடம். அச்சுவரின் வெதுவெதுப்பு மாவைப் பொங்கவைக்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. இதைச் சொன்னவர் பொறியாளரல்லர், அம்மா.

தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடுவதால் அங்கே அது எந்நாளும் வெண்ணெய்போலவே இருக்கும். குறுகிய வாய்ப்புட்டிக்கு அங்கு வேலையில்லை. மூடுபனி உள்ளே புகுந்தால் உப்பு நீர்க்கும், அப்பளம் துவளும், தீக்குச்சி உரசாது. ஆகவே அலமாரிகளுக்கு மேலும் கீழும் காற்றுத் துளைகள் வேண்டும். எலி நுழையாதபடி அவற்றுக்குக் கம்பிவலை வேண்டும். கேஸ் சிலிண்டரை வெளியே குளிரில் வைத்தால் கடுங்குளிர் நாட்களில் வாயு சரியாக எழாது, சுடர் சோர்ந்துவிடும். உள்ளே வைத்தாலோ கசியும் வாயு காற்றைவிடக் கனமானதால் தரையிலேயே தேங்கும். எனவே சிலிண்டர் நிற்கும் இடத்தில் தரையோடு ஒட்டி ஒரு துவாரம். குளிருக்கு அஞ்சி எல்லாவற்றையும் அடைத்துவிடுவது மலைவீட்டின் பெருங்கேடு. கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்தி உறங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கரிப்புகைக்குள் இருக்கும் நஞ்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கரிநெருப்பின்மேல் எங்களுக்கு எவ்வளவு பக்தி வந்திருந்தாலும் அது வெளித் திண்ணையோடு நிற்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்குப் பின்னால் குப்பை எறிவதும் கூடாது. குரங்குகள் வரும்; காட்டெருமைகளும் இப்போதெல்லாம் தெருவிலேயே நடமாடுகின்றன. காய்த்தோலுக்கு மூடியிட்ட உரக்குழி. கழுவுதொட்டியின் எண்ணெய்த் தண்ணீருக்கு, கொழுப்பு மேலே படிந்து நிற்கும் சிறு தொட்டி ஒன்று. அதைத் தாண்டிய நீர் வாழைக்குப் போகும் என்று எழுதிவிட்டு, அங்கே வாழை எளிதில் வளராதென்று உணர்ந்து, கல்வாழைக்கென்று திருத்திக்கொண்டோம். சரிவின் மேலிருப்பவர் கொட்டுவது எதுவும் கடைசியில் சேருமிடம் ஏரிதான். ஏரியைப் பார்த்துக்கொண்டே சமைக்க வேண்டும் என்று ஆசைப்படுவோர், தம் சாக்கடையையும் அந்த ஏரி பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கலாகாது.

தட்டு அலமாரியைப் பற்றிய பேச்சுதான் எங்களைப் பிரித்துவிடும்போல் இருந்தது.

வீட்டைக் காவல் காத்துத் துப்புரவு செய்ய அருகிலுள்ள மலைச்சிற்றூரைச் சேர்ந்த கணவனும் மனைவியும் இசைந்திருக்கிறார்கள். அவர்களும் நம் பங்கைச் சேர்ந்தவர்களே; ஆனால் நம்மோடு பெண் கொடுத்து, பெண் எடுக்கும் பிரிவினர் அல்லர். படத்தில் பின்வாசலுக்கு அருகே ஒரு சிறு அலமாரி குறிக்கப்பட்டிருந்தது. அது எதற்கென்று தங்கை கேட்டாள். வேலைக்கு வருவோரின் தட்டும் தம்ளரும் வைக்க என்றார் அண்ணன். சொல்லும்போதே அவர் குரல் தாழ்ந்தது.

“ஏன் அண்ணா, நம்முடைய அலமாரியில் இடமில்லையா?”

“இடத்துக்கு என்ன! அவர்களுக்கே அதுதான் சௌகரியம், தங்கச்சி. நம் தட்டில் சாப்பிடு என்றால் கூச்சப்படுவார்கள்.”

“கூச்சம் அவர்களுடையதா, நம்முடையதா?”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறோம் என்று ஆலயத்தில் பாடிவிட்டு, வீட்டில் தனித் தம்ளர் எடுக்கும் வழக்கம் நம்மிடையே அறவே ஒழிந்தது என்று எவரும் ஆணையிட்டுச் சொல்லமாட்டார். அதைச் செய்வோர் கொடியவரும் அல்லர். காய்ச்சலென்றால் மருந்து வாங்கித் தருவர், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கட்டுவர். தம்ளரை மட்டும் தனியே வைப்பர். மரத்தால் செய்த ஓர் அலமாரி, அதைச் செய்த தச்சன் போன பின்னும் ஐம்பது ஆண்டுகள் ஒரு வழக்கத்தைக் காத்து நிற்கும். பிள்ளைகள் அதைக் கேள்வியின்றிக் கற்றுக்கொள்வர். அதனால்தான் தங்கை அந்தச் சிறு செவ்வகத்தின்மேல் அவ்வளவு பிடிவாதமாய் விரல் வைத்தாள்.

அண்ணனுக்குச் சினம் மூண்டது. மடத்தில் இருப்பவர்களுக்கு ஊர் உறவு தெரியாது, நாளைக்குச் சம்பந்திகள் வந்தால் என்ன சொல்வது என்றெல்லாம் பேசினார். தம்பி இருவருக்கும் நடுவே ஏதோ சமாதானம் சொல்ல முயன்றான். அம்மாவே பேச்சை முடித்தார். தம் துறவி மகளை அவர் மற்றவர்முன் பெயர் சொல்லி அழைப்பதில்லை. “சிஸ்டர் சொல்வதுபோலவே இருக்கட்டும். எனக்கு வயதாகிவிட்டது; இரண்டு விதத் தட்டைப் பிரித்து அடுக்க என்னால் ஆகாது” என்றார். அது உள்ளத்தின் கனிவா, முதுமையின் சோர்வா, அல்லது மகனுக்குத் தலைகுனிவு நேராதபடி வழிவிட்ட ஒரு தாயின் தந்திரமா என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. பின்வாசல் அலமாரி படத்திலிருந்து நீங்கியது. அண்ணன் இரண்டு நாட்கள் தங்கையோடு அதிகம் பேசவில்லை.

சென்ற மாதம் சுவர்கள் சன்னல் மட்டம் வரை எழுந்ததும், அந்த அம்மாளை அழைத்துச் சென்று சமையலறையைக் காட்டினோம். அதில் மிகுதியான நாட்கள் புழங்கப்போகிறவர் அவர்தானே. நடுவில் மேசை வரும், எல்லோரும் அதைச் சுற்றி அமர்வோம், நீங்களும்தான் என்று தங்கை சொன்னாள். அவர் புன்னகைத்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு கேட்டார். பின்வாசல் படி அகலமாக இருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மலையில் வெயில் கிடைப்பது அரிது, கிடைக்கும்போது அங்கே உட்காரலாம். வெளிக்குழாய் இடுப்புயரத்தில் வேண்டும். இப்போது குறித்திருக்கும் உயரத்தில் குடம் நிற்காது. இரண்டும் பொறியாளருக்குத் தோன்றாதவை. படியின் அகலம் மூன்றரை அடியாயிற்று. அவர் அங்கே அமரப்போவது வெயிலுக்காகவா, உள்ளே அமரத் தயங்கியா என்பதை அந்த வீடு திறந்த பிறகுதான் காண வேண்டும்.

மேடையின் உயரம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வெளிநாட்டு அளவாகிய 36 அங்குலம் நம் பெண்களுக்குத் தோள்வலியைத்தான் தரும். நிற்பவரின் முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருப்பதே முறை என்கிறார்கள். அம்மாவை நிற்கவைத்து அளந்தால் 30 வருகிறது. தம்பியின் துணைவிக்கு 34. அண்ணி 32 என்று நடுநிலை பேசுகிறார். இரண்டு மட்டமாய்க் கட்டலாம், தாழ்ந்த பகுதியில் அம்மா அமர்ந்தபடியே மாவு பிசையலாம் என்பது எங்கள் எண்ணம். மேஸ்திரியோ கல் ஒரே பலகையாக வந்துவிட்டது, அறுத்தால் வீணாகும் என்கிறார். பூசாத செங்கற்சுவரில் கரித்துண்டால் போட்ட மூன்று கோடுகள் அப்படியே இருக்கின்றன. கல் அறுப்பவர் வரும் செவ்வாய்க்கிழமை வருகிறார்.